இங்கிலீஷில் இல்லாத வரி

நிர்மலா பிறந்து வளர்ந்த வீட்டில் விளக்கை யாரும் அணைத்ததே கிடையாது. குளிர வைப்பார்கள். உப்பு தீர்ந்துபோனால் தீர்ந்துபோச்சு என்று சொல்லக்கூடாது, நிறைஞ்சிருக்கு என்றுதான் சொல்ல வேண்டும். கேட்டவர்கள் புரிந்துகொண்டு கடைக்குப் போவார்கள். பள்ளிக்கூடம் கிளம்புகிற பிள்ளை "போறேன்" என்றால் அவள் அம்மா தெருமுனை வரைக்கும் போனவளைத் திரும்பக் கூப்பிட்டு, "போய்ட்டு வரேன்னு சொல்லு" என்று திருத்தி அனுப்புவாள். சாவு வீட்டில் மட்டும் இந்தச் சட்டம் செல்லாது. அங்கே யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்துவிட வேண்டும். இப்படி வளர்த்த ஒரு பெண்ணைக் கொண்டுபோய், ஆட்களை வேலையைவிட்டுத் தூக்குகிற கடிதங்களைத் தமிழில் எழுதும் நாற்காலியில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? அதைத்தான் சொல்லப்போகிறேன்.

தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் மருந்து பாட்டிலுக்கு மூடி செய்கிற கம்பெனி அது. நிர்மலாவுக்கு அங்கே ஆபீசில் பதினாலு வருஷம். வருகைப் பதிவு, லீவு, சீருடை, கடிதப் போக்குவரத்து எல்லாம் அவள் கையில். பழைய முதலாளி காலத்திலிருந்து அங்கே ஒரு வழக்கம் உண்டு. தொழிலாளிக்குப் போகிற எந்தக் கடிதமும் இரண்டு தாளாகப் போகும். மேல்தாள் இங்கிலீஷ், கீழ்த்தாள் தமிழ். கையெழுத்து வாங்குவது இங்கிலீஷ் தாளில், ஆட்கள் படிப்பது தமிழ்த் தாளை. அந்தத் தமிழ்த் தாளை நிர்மலா எழுதுவாள். எழுதியது சரியா என்று மேலே ஒருவரும் பார்ப்பதில்லை. இப்போதைய மேனேஜர் வினோத்குமாருக்குத் தமிழ் பேச நன்றாக வரும்; படிக்கச் சொன்னால் பஸ் போர்டையே எழுத்துக்கூட்டுவான்.

கேட்பார் இல்லாத இடத்தில் மனுஷ மனசு தன் இஷ்டத்துக்கு நடக்கும். நிர்மலாவின் மனசு இளகின மனசு. கடுமையாக எச்சரிக்கப்படுகிறீர்கள் என்று இங்கிலீஷ் சொன்னால், தமிழ்த் தாள் 'அன்புடன் அறிவுறுத்தப்படுகிறீர்கள்' என்று சொல்லும். மெஷின் பக்கத்தில் பீடி குடித்ததற்கு மெமோ வாங்கிய ஒருத்தன், கம்பெனியில் என்னை எவ்வளவு மரியாதையாக எழுதியிருக்கிறார்கள் பார் என்று அதை வீட்டில் கொண்டுபோய்க் காட்டினானாம். இது போதாதென்று, ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் ஆறுதலாக ஒரு வரி சேர்ப்பாள். 'தங்கள் ஒத்துழைப்பை நிர்வாகம் என்றும் மதிக்கிறது' என்பது மாதிரி. அந்த வரி இங்கிலீஷில் இருக்காது. அவளாகப் போடுவது. சோறு போட்ட பிறகு ஒரு கரண்டி மோர் ஊற்றுவதைப்போல அவளுக்கு அது பழகிவிட்டது.

சோம்பேறித்தனத்தில் இப்படிச் செய்தாள் என்று நினைக்க வேண்டாம். அவள் வார்த்தையை மதிக்கிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் காந்தி வீதியில் கூடுகிற சந்தையில் ஒரு தடிமனான பழைய இங்கிலீஷ் அகராதி வாங்கி வைத்திருந்தாள். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் ஏதோ ஒரு சொல்தா வீட்டிலிருந்து எடைக்கு வந்த புத்தகம். ஓரங்களில் யாரோ பென்சிலால் பிரெஞ்சில் குறித்திருந்தார்கள். புதிதாக ஒரு சொல் வந்தால் அதைப் பார்த்து, ஒரு நோட்டில் மூன்று கோடு போட்டு, பொருள், புழக்கம், பிறப்பு என்று எழுதிய பிறகே தமிழுக்குப் போவாள்.

போன வருஷம் ஆனி மாதம் கடைசியில் பத்தொன்பது பேருக்கு ஒரே மாதிரிக் கடிதம் மெயிலில் வந்து விழுந்தது. கம்பெனி வடக்கே ஒரு பெரிய நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது. பழைய மெஷின்களை எடுத்துவிட்டு ஆள் தேவைப்படாத புது மெஷின் போடுகிறார்கள். கடிதத்தில் இருந்தது மூன்றே வரி. நடுவில் 'டெர்மினேட்' என்ற சொல்.

கேள்விப்படாத சொல் இல்லை. ஆனால் இதுவரை அதை அவள் தமிழில் எழுத வேண்டி வந்ததில்லை. அகராதியைத் திறந்தாள். பொருள்: முடித்துவிடுதல், இதற்கு அப்பால் இல்லை என்று ஆக்குதல். புழக்கம்: ரயில் கடைசி ஸ்டேஷனோடு நிற்பதற்கும் அந்தச் சொல், ஒப்பந்தத்தை முறிப்பதற்கும் அதுவே, வயிற்றில் இருக்கிற கருவைக் கலைப்பதற்கும் ஆஸ்பத்திரியில் அதுவே, வேலையைவிட்டு ஆளை நீக்குவதற்கும் அதுவே. பிறப்பு: ரோமாபுரிக்காரர்களின் பழைய பாஷையில் எல்லைக்கல்லுக்கு அந்தப் பெயர். கல்லுக்கு ஒரு சாமியும் உண்டு, அதற்குத் திருவிழாவும் உண்டு. கல் நடுகிற குழியில் பலி கொடுத்த சாம்பலையும் எலும்பையும் போட்டு, அதன்மேல் கல்லை நிறுத்துவார்களாம். பக்கத்தில் பென்சில்காரர் 'தெர்மினே' என்று பிரெஞ்சில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார்.

சாம்பல், எலும்பு, அதன்மேல் கல் என்று தன் நோட்டில் எழுதினாள். பிறகு தமிழ்த் தாளில், 'தாங்கள் இன்று முதல் பணியிலிருந்து நீக்கப்படுகிறீர்கள்' என்று சரியாகத்தான் அடித்தாள். அடித்துவிட்டுப் பார்த்தாள். பத்தொன்பது முகமும் வரிசையாக வந்து நின்றன. மனசு கேட்கவில்லை. அழித்துவிட்டு, 'தங்கள் பணி இன்று முதல் நிறுத்தி வைக்கப்படுகிறது' என்று மாற்றினாள். அதோடு விட்டாளா? அடியில் வழக்கம்போல ஒரு வரி சேர்த்தாள்: 'மீண்டும் ஆள் தேவைப்படும்போது தங்களுக்கே முதலில் தகவல் தெரிவிக்கப்படும்.' அப்படி ஒரு வாக்கை அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை. அன்றைக்கு அவளுக்குத் தான் ஒரு நல்ல காரியம் செய்ததாகவே பட்டது. எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வந்தாள்.

பதினெட்டுப் பேருக்கு அந்த வரியால் ஒன்றும் ஆகவில்லை. பையன்கள் இங்கிலீஷ் தாளைப் போட்டோ எடுத்து வாட்சப் குரூப்பில் போட்டு, யார் யாரிடமோ கேட்டு, ஒரே வாரத்தில் பக்கத்துத் தொழிற்பேட்டைகளான சேதராப்பட்டுக்கும் மேட்டுப்பாளையத்துக்குமாகக் கலைந்துபோனார்கள். பத்தொன்பதாவது ஆள் கிருஷ்ணசாமி. அவர் மட்டும் தமிழ்த் தாளை நம்பினார்.

அவரை முட்டாள் என்று சொல்லிவிட முடியாது. கொரோனா வருஷத்தில் கம்பெனியை மூடியபோதும் இதேபோல ஒரு கடிதம் வந்தது. நிர்மலாதான் எழுதினாள். திரும்பக் கூப்பிடுவோம் என்று அதிலும் ஒரு வரி இருந்தது, மூன்று மாதம் கழித்துக் கூப்பிடவும் கூப்பிட்டார்கள். வயிற்றுப்பாட்டுக்காக வேறு வேலைக்குப் போனவர்கள் திரும்பி வந்தபோது புது ஆளாக அடிமட்டத்திலிருந்து ஆரம்பித்தார்கள். காத்திருந்த கிருஷ்ணசாமி அதே நாலாம் நம்பர் மெஷினில் அதே சர்வீசோடு நின்றார். நிர்மலா எழுதினால் அதில் ஒரு வழி இருக்கும் என்று அவர் மற்றவர்களிடம் சொல்வதை அவளே கேட்டிருக்கிறாள். கேட்டுச் சந்தோஷமும் பட்டிருக்கிறாள்.

ஐம்பத்திரண்டு வயசு அவருக்கு. ஊசுட்டேரிக்கு மேற்கே ஒரு ஊரில் முக்கால் காணி நிலம், ஒரு ஓட்டு வீடு. பிள்ளை இல்லை. மனைவி செல்வாம்பாளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய், வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். வேலையோடு வருகிற இன்சூரன்ஸ் கார்டில் டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அது நடந்தது. வேலை நின்ற பிறகும் அந்தக் கார்டு சில மாதம் ஓடும். அதற்குள் வேறெங்காவது சேர்ந்துவிட்டால் நூல் அறாது. சேராவிட்டால் அறுந்துவிடும். செல்வாம்பாளின் உயிர் அந்தக் கார்டில் இருந்தது என்று சொன்னால் அது மிகையில்லை.

திங்கட்கிழமை தவறாமல் காலையில் சாப்பாட்டு டப்பாவோடு வந்து, கேட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்காருவார். கூப்பிட்டால் அப்படியே உள்ளே போய் மெஷினில் நிற்பதற்குத் தயாராக. பன்னிரண்டு மணிக்கு டப்பாவைத் திறந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். நிர்மலா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டரில் தலையை விட்டுக்கொள்வாள்.

ஆடி கடைசியில் ஒரு புதன்கிழமை அவரே ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தார்.

"நிர்மலாம்மா, ஒரு யோசனை கேக்கணும். நம்ம ஆசிப் தெரியுமில்ல, முன்ன நம்மகிட்ட வேல செஞ்சாரே, இப்ப அந்தாண்ட பைப் கம்பெனில சூப்பர்வைசர். மோல்டிங்ல ஒரு எடம் காலியா கீதாம். நாளன்னிக்கு வெள்ளிக்கெழமைக்குள்ள வரச் சொல்றாரு."

"நல்லதாச்சேண்ணா."

"நல்லதுதான். ஆனா இங்க எனக்கு இனிமே ஒண்ணும் பாத்தியம் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டு வரணுமாம். அப்படிக் குடுத்துட்டு, அடுத்த மாசமே நீங்க கூப்புட்டா? இருவத்திரெண்டு வருஷம் சர்வீசும்மா. மொதல்ல எனக்குதான் சொல்லுவாங்கன்னு நீதான எழுதியிருக்க." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குரலைத் தணித்தார். "கார்டு ஐப்பசி வரைக்கும் ஓடுமாம். அதுக்குள்ள இங்கயோ அங்கயோ சேந்துட்டா அவளுக்கு வைத்தியம் நிக்காது. அதான் கேக்கறேன். கூப்புடுவாங்களா, மாட்டாங்களா? நீ சொன்னா சரி."

இதைவிட நேராக ஒரு மனுஷன் கேட்க முடியாது. கூப்பிட மாட்டார்கள் அண்ணா, அந்த வரியை நானாகப் போட்டேன், நாளைக்கே போய்ச் சேர்ந்துவிடுங்கள் என்று சொன்னால் முடிந்தது. வாய்வரைக்கும் வந்தது. ஆனால் அந்த வாரம்தான் வினோத்குமார், ஆபீசில் இரண்டு பேர் எதற்கு, ஒருத்தர் போதுமே என்று போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். பொய்யாக ஒரு வரி எழுதினாள் என்று வெளியே வந்தால், அந்த இரண்டு பேரில் போக வேண்டியது யார் என்று அவன் யோசிக்கவே வேண்டாம்.

"கொஞ்சம் பொறுத்துப் பாருங்கண்ணா" என்றாள்.

கடிதம் எழுதியபோது அவளிடம் இருந்தது இரக்கம். இதைச் சொன்னபோது இருந்தது பயம். இரண்டுக்கும் வித்தியாசம் அவளுக்கு அப்போதே தெரிந்தது. தெரிந்துதான் சொன்னாள். கிருஷ்ணசாமி முகம் தெளிந்து, "அப்ப சரி, ஆசிப்கிட்ட சொல்லிட்றேன்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்கு வீட்டில் புருஷன் ராஜவேலிடம் சொன்னாள். அவன் நோணாங்குப்பம் படகுத்துறையில் ஒப்பந்தத்தில் படகு ஓட்டுகிறவன். காயலில் அலைந்த உப்புச் சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

"கம்பெனி லெட்டர்ல நீயா எதுக்கு எழுதுன?"

"பாவமா இருந்துச்சி."

"இப்ப போய் சொன்னா உன் வேல போவும். பொண்ணு காலேஜ்ல ரெண்டாவது வருஷம் படிக்குது. என் ஒப்பந்தம் எப்ப நிக்கும்னு எனக்கே தெரியாது. உனக்கெதுக்கு வம்பு? அவரு பெரிய மனுஷன், அவரே விசாரிச்சிக்குவாரு."

இதைக் கேட்கத்தான் அவனிடம் சொன்னாள். கேட்டதும் கொஞ்சம் தூக்கம் வந்தது.

வியாழக்கிழமை நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று இருந்தாள். வெள்ளிக்கிழமை காலையில் அவர் எண்ணைத் தேடி எடுத்து அழுத்தினாள். மணி அடிப்பதற்குள் நிறுத்தினாள். வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் நாள், ஆஸ்பத்திரியில் இருப்பார், அந்த நேரத்தில் எதற்கு என்று தனக்கே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டாள். சாயந்திரம் ஷிஃப்ட் விடும்போது பைப் கம்பெனியில் ஆள் எடுத்துவிட்டார்கள் என்று செக்யூரிட்டி பேச்சுவாக்கில் சொன்னான். வேம்பு மரத்தடியில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டியை எடுக்கக் கை வரவில்லை. கொஞ்ச நேரம் அதன்மேல் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

ஐப்பசி பிறந்தது. அடைமழை. ஒரு மதியம் கிருஷ்ணசாமி நனைந்துகொண்டு வந்து ஜன்னலில் நின்றார். கையில் பிளாஸ்டிக் கவருக்குள் இரண்டு தாள். ஆஸ்பத்திரி கவுண்டரில் கார்டு செல்லாது என்று சொல்லியிருக்கிறார்கள். வேலை நிறுத்தித்தானே வைத்திருக்கிறார்கள், போகவில்லையே என்று அவர் கடிதத்தை எடுத்துக் காட்டியிருக்கிறார். கவுண்டரில் இருந்தவர் இரண்டு தாளையும் படித்துவிட்டு, மேல்தாளை விரலால் தட்டி, "உங்களை அப்பவே நீக்கிட்டாங்க. இந்தக் கடைசி வரி இங்கிலீஷ்ல இல்லியே" என்றிருக்கிறார்.

"இல்லியாம்மா?" என்று கேட்டார் கிருஷ்ணசாமி.

"இல்லண்ணா."

"யாரு சொல்லி எழுதுன?"

"யாரும் சொல்லல. நானாதான். உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு."

சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தாள். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தாள்களை மடித்துக் கவரில் போட்டார். தலையிலிருந்து வழிந்த மழைத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டார்.

"எங்கப்பா எனக்கும் என் தம்பிக்கும் நெலம் பிரிச்சப்ப நடுவுல கல்லு நட்டாரு. எங்க சித்தப்பா கேட்டாரு, அண்ணந்தம்பிக்குள்ள கல்லு எதுக்கு, மனசு நோவும், ஒரு வரப்பு போட்டா போதாதான்னு. அப்பா கேக்கல. குழி வெட்டி அடுப்புக்கரியும் ஓட்டாஞ்சில்லும் போட்டு, அதும்மேல கல்ல நட்டாரு. கல்ல எவனாவது பேத்து எறிஞ்சாலும் தோண்டுனா கரி சொல்லும்ல, அதுக்கு. வரப்பு மழைக்குக் கரைஞ்சி போவும்டா, கல்லு கால்ல இடிக்கும், இடிச்சாத்தான் இதோட நிக்கணும்னு ஒருத்தனுக்குத் தெரியும்னாரு." கவரைச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். "எனக்கு நீ வரப்பு போட்டுட்டம்மா. நான் பாட்டுக்கு நடந்து போய்ட்டேன்."

நிர்மலாவுக்கு நோட்டில் தான் எழுதியது ஞாபகம் வந்தது. சாம்பலும் எலும்பும் போட்டு, அதன்மேல் கல். படித்து, பொருளும் பிறப்பும் எழுதிய அவளுக்குப் புரியாதது, மூடி மெஷினில் நின்ற மனுஷனுக்கு அவர் அப்பா நட்டுக் காட்டியிருக்கிறார். அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் அதற்கும் அவர்தான் ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும் என்று அடக்கிக்கொண்டாள்.

"ஆடி மாசம் வந்து கேட்டேனே, அன்னிக்காவது சொல்லியிருக்கலாமே" என்றார் கடைசியாக. பதிலுக்குக் காத்திருக்காமல் மழையில் இறங்கி நடந்தார்.

அன்று சாயந்திரமே வினோத்குமார் அறைக்குப் போய், நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். போகிற வேலை போகட்டும் என்று துணிந்துதான் போனாள். அவன் லேப்டாப்பிலிருந்து முழுசாகத் தலையைக்கூட எடுக்கவில்லை.

"கையெழுத்து இங்கிலீஷ் காப்பிலதான வாங்கியிருக்கு?"

"ஆமா சார்."

"அப்பறம் என்ன? தமிழ்ல என்ன எழுதினா என்ன, யாரு படிக்கறா?"

அவ்வளவுதான். எதற்குப் பயந்து அந்தப் புதன்கிழமை வாயை மூடிக்கொண்டாளோ, அது வெறும் சோளக்கொல்லை பொம்மை. வெளியே வந்து கழிவறையில் போய் நின்று, முகத்தை ஐந்தாறு தடவை கழுவினாள். வேலை போயிருந்தால்கூட இவ்வளவு கேவலமாக இருந்திருக்காது என்று நினைத்தாள்.

அதற்குப் பிறகு அவள் ஓடாத ஓட்டம் இல்லை. கெட்ட பின் ஞானம் எல்லாருக்கும் வரும். ஆசிப்பைப் போய்ப் பார்த்தாள். "அண்ணன் மனசு மாறி வருவாருன்னு மூணு நாள் வச்சிருந்தேங்க்கா. இனிமே தை மாசம்தான் கேட்டுப் பாக்கணும்" என்றான். பெரிய ஆஸ்பத்திரியில் இலவச டயாலிசிஸுக்குப் பெயர் எழுதக் கிருஷ்ணசாமியோடும் செல்வாம்பாளோடும் தானும் போனாள். அங்கே செல்வாம்பாளுக்கு முன்னால் எத்தனையோ பேர் பெயர் எழுதிவிட்டுக் காத்திருந்தார்கள். எல்லாரும் அவளைப்போலவே வீங்கின காலோடு இருந்தார்கள். அதில் யாரைக் குறை சொல்வது? முறை வரும்வரை வெளியே எங்கேயோ காசு கட்டி, வாரத்துக்கு இரண்டு என்பதை ஒன்றாக்கி ஓட்டினார்கள்.

பெயர் எழுதப் போன அன்றைக்குத்தான் செல்வாம்பாளை அவள் முதல் தடவையாகப் பக்கத்தில் பார்த்தாள். ஒல்லியான உடம்பில் முகமும் காலும் மட்டும் உப்பியிருந்தன. பெஞ்சில் பக்கத்தில் உட்கார வைத்து நிர்மலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீதான் லெட்டர் எழுதற பொண்ணா? நீ எழுதுனத அவரு சாமி படத்துக்குக் கீழ வச்சிருந்தாரும்மா. எனக்குத் தலை சுத்தல் வர்றப்பல்லாம் எடுத்துப் படிச்சிக் காட்டுவாரு, கூப்புடுவாங்க பாரு, கூப்புடுவாங்க பாருன்னு. இப்பக்கூட எங்களுக்கோசரம் லீவு போட்டு வந்திருக்க. நல்லா இருக்கணும்மா நீ."

புருஷன் உண்மையை அவளிடம் சொல்லவில்லை என்பது அப்போதுதான் நிர்மலாவுக்குத் தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தாள். கிருஷ்ணசாமி சுவரில் ஒட்டியிருந்த கொசு ஒழிப்புப் போஸ்டரைப் படித்துக்கொண்டிருந்தார்.

கார்த்திகை இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலையில் மூச்சு இரைக்கிறது என்று ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார்கள். டவுனுக்குள் நுழைகிற சிக்னலில் ஆட்டோ நிற்கும்போதே உயிர் போய்விட்டது. ஆசிப் போன் செய்து சொன்னான். அவன் "மௌத்தாயிட்டாங்கக்கா" என்று தன் வீட்டுப் பேச்சில் சொல்ல, ஒரு நிமிஷம் அவளுக்கு அது மண்டையில் ஏறவே இல்லை.

போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். என்ன முகத்தோடு போவது? பிறகு, போகாமல் இருந்தால் அதுவும் வாயை மூடிக்கொண்ட கணக்கில்தான் சேரும் என்று தோன்ற, அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள். ஏரிக்கரையில் எதிர்க்காற்று. ஊருக்குள் பறைச் சத்தத்தை வைத்தே வீட்டைக் கண்டுபிடித்தாள்.

பந்தலில் கிருஷ்ணசாமி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். செல்வாம்பாளைக் குளிப்பாட்டி, நெற்றி நிறைய மஞ்சள் குங்குமம் வைத்துக் கிடத்தியிருந்தார்கள். அவர் தம்பி மகன் வெற்றிச்செல்வன் செல்போனில் கண்ணீர் அஞ்சலி பேனருக்கு வாசகம் அடித்துக்கொண்டிருந்தான். முக்கு ரோட்டில் வைப்பதற்கு ஒரு பேனர், சொந்தக்காரர்களுக்குக் காரியப் பத்திரிகை. அரைமணி நேரத்தில் பிரிண்டிங் கடைக்கு அனுப்ப வேண்டுமாம்.

"பெரியப்பா, இதக் கேளு, சரியா இருக்கான்னு. 'எங்கள் குடும்ப விளக்கு திருமதி செல்வாம்பாள் அவர்கள் இறைவனடி சேர்ந்தார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன்...'"

கிருஷ்ணசாமி நிமிர்ந்து நிர்மலாவைப் பார்த்தார். அவள் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீ எழுத வேணாம்டா. அந்தம்மா எழுதும். கம்பெனில லெட்டரெல்லாம் அதான் எழுதும்."

பொம்பளைகள் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்கள். யாரோ ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். படித்த பிள்ளை, டவுனிலிருந்து வந்திருக்கிறது, அது கையால் எழுதட்டும் என்று ஒரு கிழவர் சொன்னார். எல்லாரும் அதை அவளுக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்தார்கள். அது மரியாதை இல்லை என்று அந்தப் பந்தலில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

வெற்றிச்செல்வன் பள்ளிக்கூட நோட்டிலிருந்து ஒரு தாளும் பேனாவும் கொடுத்தான். நிர்மலா மடியில் வைத்துக்கொண்டாள். எழுதுகிற கைக்கு இத்தனை வருஷப் பழக்கம். 'இயற்கை எய்தினார்' என்று தானாக ஆரம்பித்தது.

"மெத்துனு எழுதாத" என்றார் கிருஷ்ணசாமி. மெதுவாகத்தான் சொன்னார், பக்கத்தில் இருந்தவர்களுக்குக்கூட அது சரியாகக் கேட்டிருக்காது. "என்ன ஆச்சோ அத எழுது."

அவள் அடித்துவிட்டு முதலிலிருந்து எழுதினாள். எழுதி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வெற்றிச்செல்வன் எட்டிப் படித்தவன் முகம் சுளித்தான்.

"இன்னாக்கா இது, யாராவது இப்படிப் போடுவாங்களா? ஊர்ல சிரிப்பாங்க."

"நீ சும்மா இருடா" என்றார் கிருஷ்ணசாமி. "படிம்மா."

அவள் வாய்விட்டுப் படித்தாள். "'என் மனைவி செல்வாம்பாள் இன்று செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு வைத்தியம் நின்றுபோனதால் செத்துவிட்டாள். கிருஷ்ணசாமி.'"

செல்வாம்பாள் என்று அவள் படித்த இடத்தில் உள்ளே யாரோ ஒரு பொம்பளை பெருமூச்சு விட்டாள். கிருஷ்ணசாமி கையை நீட்டித் தாளை வாங்கினார். கண்ணுக்குக் கிட்டே வைத்து, ஒவ்வொரு சொல்லாக உதடு அசையப் படித்தார். பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"அடியில வேற ஏதாவது வரி சேத்துருக்கியாம்மா?"

"இல்லண்ணா."

"சரி" என்று அதை வெற்றிச்செல்வனிடம் கொடுத்தார். "இப்படியே அடிக்கச் சொல்லு."

நிர்மலா எழுந்தாள். போய்ட்டு வரேண்ணா என்பது வாயில் வந்து நின்றது, விழுங்கினாள். பந்தலுக்கு வெளியே குவிந்து கிடந்த செருப்புகளில் தன்னுடையதைத் தேடி மாட்டிக்கொண்டு, ஒருத்தரிடமும் சொல்லிக்கொள்ளாமல் நடந்தாள்.